மகளுக்கு நான் போட்ட வயது

என் மகள் தன் சாப்பாட்டை நாய்க்குப் போடுகிறாள் என்பதை எங்களுக்கு முதலில் உணர்த்தியிருக்க வேண்டியது பக்கத்து வீட்டுக்காரரின் பேச்சு. ஒரு நாள் அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உங்கடை நாய் நல்லாக் கொழுத்துப் போச்சு, வீட்டில ஏதும் விசேசமோ?" என்று கேட்டார். நானும் மனைவியும் சிரித்தோம். மகள் கிணற்றடியில் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றாள். அவளும் சிரித்தாள்.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. நான் சாவகச்சேரியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். மனைவி பாலர் பாடசாலை ஆசிரியை. வீட்டில் அதிகம் கதைக்கிறவள் மகள்தான். ரியூசனுக்குக் கூட்டிப் போகும்போது மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து ஒவ்வொரு ஆசிரியரைப் போலவும் கதைத்துக் காட்டுவாள். சிரிப்பில் எனக்குக் கை ஆடும்.

அந்த ஆண்டு கோயில் திருவிழாவில் பாவாடை தாவணியோடு கூட்டாளிப் பிள்ளைகளுடன் ஆடி, அதைப் போனில் எடுத்து, எல்லாரும் பார்க்கிற ஒரு தளத்தில் போட்டிருக்கிறாள். அது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவைதான். வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டாள். சோறு போட்டால், "வயிறு நிரம்பிட்டுது" என்றாள். மனைவிக்கு உள்ளுக்குள் சந்தோசம். "பிள்ளை மெலிஞ்சு வடிவா வாறாள்" என்று அவள் முன்னாலேயே சொன்னாள்.

காலைப் பிரார்த்தனையில் மகள் மயங்கி விழுந்ததாகப் பாடசாலையிலிருந்து கடைக்கு அழைப்பு வந்தபோது, நான் ஒருவருக்குப் பிறசர் மருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் அவளை நிறை பார்க்கும் மெசினில் ஏற்றினார்கள். பிள்ளைகளின் நிறையைக் கேட்டு மருந்தின் அளவு சொல்கிறவன் நான். எந்த வயதுக்கு எவ்வளவு இருக்க வேண்டுமென்று எனக்குத் தெரியும். அந்த மெசின் காட்டியது ஒரு பத்து வயதுப் பிள்ளையின் நிறையை.

வைத்தியர், ஒரு பெண், மகளோடு தனியே நெடுநேரம் கதைத்த பிறகு எங்களைக் கூப்பிட்டார். மகளின் சம்மதத்தோடு போனைக் காட்டினார். திருவிழாக் காணொளியின் கீழே முன்பின் தெரியாதவர்கள் அவளுடைய உடம்பைப் பற்றி எழுதியிருந்தார்கள். பாதிக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு மெலிவதைப் பற்றிய காணொளிகள், ஒன்றின் பின் ஒன்றாக.

"ஒருக்காத்தான் தேடியிருக்கிறா. பிறகு அது தானாகவே தேடி வந்திருக்கு" என்றார் வைத்தியர்.

மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் பிள்ளை எங்களிட்டைச் சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

"சொன்னால் நீங்கள் அதை வாசிப்பியள் எல்லோ அம்மா" என்றாள் அவள்.

மூன்று கிழமை ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தாள். பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரணதரப் பரீட்சையை அந்த வருடம் எழுதவில்லை.

சில மாதங்களின் பின் பாடசாலையில் பெற்றோர் கூட்டம் நடந்தது. வெளியிலிருந்து வந்த ஒருவர் கதைத்தார். சின்னப் பிள்ளைகள் இந்தத் தளங்களைத் திறக்கும்போது, இது மனதைப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை திரையில் வரவேண்டுமென்று சில இடங்களில் சட்டம் கொண்டு வருகிறார்களாம். இங்கும் அதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருந்தார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. வாழ்நாளில் மைக்கைப் பிடிக்காத நான் எழும்பிக் கதைத்தேன். "பிள்ளையளுக்கு ஒரு பாணிமருந்துப் போத்தில் குடுத்தாலும் அதில எச்சரிக்கை எழுதியிருக்கு. இதில ஏன் ஒண்டுமில்லை?" கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். தாயோடு இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். "நல்லது அப்பா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் எனக்கு அது வந்திருக்காது" என்றாள்.

"ஏன்?"

"அதில எனக்கு நாப்பத்தெட்டு வயசு."

எனக்கு விளங்கவில்லை. அவள் பயற்றங்காயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "கொரோனா நேரம் நீங்கள்தானே அப்பா போட்டுத் தந்தனீங்கள். உங்கடை பிறந்த திகதி."

நினைவு வந்தது. பாடசாலை பூட்டியிருந்த காலம். அவளுக்குப் பன்னிரண்டு வயது. கூட்டாளிகள் எல்லாரும் அந்தத் தளத்தில் இருக்கிறார்களாம், தன் வயதைக் கேட்டுவிட்டுத் திறக்கமாட்டேனென்கிறதாம் என்று போனைக் கொண்டுவந்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இடக்கையால் என் பிறந்த திகதியை அடித்து, "இந்தா" என்று கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகு நான் அதை நினைத்ததே இல்லை.

"நான் உங்களைக் குறை சொல்லேல்லை. சும்மா சொன்னனான்" என்றாள்.

நான் எழும்பி வெளியே போனேன். வேலி ஓரம் நின்றேன்.

நாலு நாட்களின் பின்தான் மனைவியிடம் அதைப் பற்றிக் கதைத்தேன். அன்றைக்குப் பக்கத்தில் இருந்து கேட்டவள்தான். "நான் வடிவெண்டு சொன்னனான்" என்று மட்டும் சொன்னாள்.

கையெழுத்தைத் திருப்பி வாங்க யோசித்தேன். வாங்கவில்லை. சரியான வயதைப் போட்ட பிள்ளைகள் எங்காவது இருப்பார்கள்.

மகள் இப்போது சாப்பிடுகிறாள், தாய் பக்கத்தில் இருந்தால். மாதம் ஒருமுறை கிளினிக். அவளோடு படித்தவர்கள் உயர்தரம் படிக்கிறார்கள்; அவள் வீட்டில் இருந்து பரீட்சைக்குத் தயாராகிறாள். அதற்கு அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் படம் வேண்டும். அந்தத் திருவிழாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை.

முதல் முறை ஸ்ரூடியோவுக்குப் போனபோது, படம் எடுக்கிறவர் தன் முகவாயைத் தொட்டுக் காட்டி, "தங்கச்சி, நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ" என்றார். அவள் எழும்பி வந்து என் கையைப் பிடித்தாள். "பிறகு வருவம் அப்பா." திரும்பி வந்துவிட்டோம்.

போன கிழமை அவளாகவே கூட்டிப் போகச் சொன்னாள். கதிரையில் அசையாமல் இருந்தாள். படம் கணினித் திரையில் வந்ததும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீங்கள் பாருங்கோ அப்பா. நல்லா இருக்கு, இல்லை எண்டு ஒண்டும் சொல்லாதேங்கோ."

நான் பார்த்தேன். ஆறு பிரதி எடுத்துத் தரச் சொன்னேன்.