முப்பத்தெட்டாம் கல்

நாற்பத்து நான்கு வயதுக்குள் ரோஸ்லின் பதினோரு வாடகை வீடுகளில் குடியிருந்துவிட்டாள். எல்லாம் திண்டிவனத்துக்குள்தான். முதல் வீட்டில் எலித் தொல்லை. மூன்றாவதில் மழை பெய்தால் அடுப்படிக்குள் தண்ணீர். பதினோராவது நல்ல வீடு. ஆனால் வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டதால், தை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

"உனக்கு இன்னாம்மா, ஒண்டிக்கட்ட. எங்கனா ஒரு ரூம்பு பாத்துக்கினா போச்சி" என்று வீட்டுக்கார அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அந்தச் சொல் ரோஸ்லினுக்குள் முள்ளாகத் தைத்தது. அவளுடைய கணவர் தொம்மை மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறவராக இருந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் தராசுக்குப் பக்கத்திலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் இல்லை.

அவள் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் ஆயா. படுக்கை விரிப்பு மாற்றுவாள், நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைப்பாள். யாராவது இறந்துபோனால் கண்களை மூடிவிட முதலில் கூப்பிடுவது அவளைத்தான். அவள் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். எழுந்து போ என்று யாரும் சொல்ல முடியாத நாலு சுவர்.

அந்த நேரம் பார்த்துத்தான் போன் வந்தது.

"ரோஸ்லின் மேடம்தானே? சனிக்கிழமை சாயங்காலம் விழுப்புரத்துல ஒரு மீட்டிங் மேடம். மனையில எப்படி முதலீடு பண்றதுன்னு இலவசமா சொல்லித் தர்றோம். டிபன் உண்டு."

"என் நம்பரு உங்களுக்கு எப்படிப்பா கிடைச்சிது?"

"லிஸ்ட்ல இருக்கு மேடம்."

சனிக்கிழமை சீக்கிரம் வேலையை முடித்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டல், அதன் மாடியில் ஏசி போட்ட கூடம். வாசலில் டை கட்டிய இளைஞன் ஒருவன் நின்றிருந்தான். கம்பெனியின் மேனேஜர், பெயர் பிரவீன்குமார். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "வாங்க ரோஸ்லின் மேடம்" என்று ஒரு அட்டையை நீட்டினான். அட்டையில் அவள் பெயரும் 38 என்ற எண்ணும் இருந்தன. ஒரு படிவமும் கொடுத்தான். கணவர் பெயர் என்று இருந்த இடத்தில் அவள் தொம்மை என்று எழுதினாள். உயிரோடு இருக்கிறாரா என்று படிவம் கேட்கவில்லை.

உள்ளே ஜன்னல்களுக்கெல்லாம் திரை போட்டிருந்தார்கள். ஐம்பது பேர் இருக்கலாம். ஒவ்வொரு நாற்காலியிலும் ஓர் எண். எல்லோரும் அவரவர் எண்ணில் வரிசையாக, பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே திரையில் ஒரு படம். மேலே இருந்து எடுத்தது. பச்சை வயல்களுக்கு நடுவே வெட்டவெளி, அதில் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். முதலில் அது ரோஸ்லினுக்கு மனையாகத் தெரியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"அக்கா, நீங்க முப்பத்தெட்டா? நானு முப்பத்தேழு. அப்ப பக்கத்து ஊடு" என்றாள் அருகில் இருந்த பெண். கோட்டக்குப்பத்திலிருந்து வந்திருந்த ரிஸ்வானா. முப்பது வயதுகூட இருக்காது. "எங்கூட்டுக்காரு துபாய்ல கீறாரு. ஜல்தியா ஊட்டக் கட்டி போன்ல காட்டணும்னு ஆச."

பிரவீன்குமார் நன்றாகப் பேசினான். ரோடு வந்த பிறகு நிலம் வாங்குகிறவன் மற்றவனுக்கு லாபம் கொடுக்கிறான், ரோடு வருவதற்கு முன்னால் வாங்குகிறவன்தான் லாபம் பார்க்கிறான் என்றான். முடிந்தால் இரண்டு மனையாக வாங்கி, ஒன்றை விற்று மற்றதில் வீடு கட்டுங்கள் என்றான். பக்கத்தில் யார் குடிவரப் போகிறார்கள் என்று தெரிந்து வாங்குகிறவனுக்கு நஷ்டமே இல்லை, அதற்காகத்தான் இந்தக் கூட்டம், பேசிப் பழகிக்கொள்ளுங்கள் என்றான். ரோஸ்லின் எல்லாவற்றையும் ஒரு மாத்திரைக் கம்பெனி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

முன் வரிசையில் பன்னிரண்டாம் எண்ணில் வேங்கடேசன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் இருந்தார். வளவனூர்க்காரர். "தம்பி, இந்த மனைங்கள இதுக்கு முன்ன யாருக்காவது குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"கன்னி மனை சார். யார் காலும் படல."

பிறகு விளக்குகளை அணைத்தான். "எல்லாரும் கண்ண மூடுங்க. இப்ப உங்க இடத்துல நீங்க நிக்கறீங்க. காத்து வருது. சத்தம் கிடையாது. நாலு பக்கமும் உங்க அக்கம்பக்கத்துக்காரங்க. நிம்மதியா படுத்துக்குங்க. இனிமே யாரும் உங்கள எழுப்ப மாட்டாங்க."

இருட்டில் ஐம்பது பேர் மூச்சு விடுவது கேட்டது. ரோஸ்லின் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஏசிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"இந்தாளு இன்னாக்கா, தாலாட்டு பாடறாரு" என்று ரிஸ்வானா அவள் காதோரம் கிசுகிசுத்தாள். ரோஸ்லினுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் அவள் முடிவு செய்துவிட்டாள். மறுநாள் காலையிலேயே இடத்தைக் காட்டி, அங்கேயே முன்பணம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். தபால் ஆபீசிலிருந்து எடுத்து வைத்திருந்த பணத்தை ஒரு துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகாமல், விடிகாலையில் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே வேனுக்காக நின்றாள்.

மார்கழி முடிகிற நேரம். பனி கண்ணை மறைத்தது. வேன் பெரிய ரோட்டிலிருந்து இறங்கி மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே வெகுதூரம் போயிற்று. திடீரென்று பனிக்குள்ளிருந்து ஒரு நுழைவாயில் வளைவு வந்தது. அதில் புதுப் பெயர்ப் பலகை மினுமினுத்தது. உள்ளே தார் ரோடு இருந்தது, தாரைப் பிளந்துகொண்டு புல்லும் இருந்தது. விளக்குக் கம்பங்கள் நின்றன, கம்பி இல்லை. முதல் தெரு, இரண்டாம் தெரு என்று பலகைகள். ஒரு குடிநீர்க் குழாய் முழங்கால் உயரத்துக்கு நின்றிருந்தது. வேங்கடேசன் அதைத் திருகிப் பார்த்தார். புஸ் என்று காற்று மட்டும் வந்தது.

ஒரு வீடுகூட இல்லை. நாய் இல்லை. காக்கை கரையும் சத்தம்கூட எங்கோ தூரத்துக் கொல்லையிலிருந்துதான் வந்தது. பனிக்குள் வெள்ளைக் கற்கள் மட்டும் இடுப்பளவுக்கு வரிசையாக நின்றன.

"உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்றான் பிரவீன்குமார். "போய் உங்க உங்க கல்லப் பாருங்க."

ஒவ்வொரு கல்லிலும் எண்ணுக்குக் கீழே வந்தவர்களின் பெயர் கறுப்பு மையில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே அன்றைய தேதி. இன்னும் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் பெயர் எழுதியாகிவிட்டது. தன் பெயரைக் கல்லில் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? எல்லோரும் தங்கள் கல்லைத் தேடிப் பனிக்குள் ஓடினார்கள். ரிஸ்வானா தன் கல்லைக் கட்டிக்கொண்டு செல்பி எடுத்தாள். "எங்கூட்டுக்காரு இதப் பாத்தா துள்ளுவாரு" என்றாள்.

ரோஸ்லின் முப்பத்தெட்டாம் கல்லின் முன்னால் போய் நின்றாள்.

உச்சியில் ஒரு சிலுவை. அதற்குக் கீழே தொம்மை. அதற்கும் கீழே ரோஸ்லின். பிறகு தேதி.

அவள் எத்தனையோ பேருடைய கண்களை மூடிய கையை உயர்த்தித் தன் பெயரைத் தொட்டாள். மை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது. கணவர் பெயரைத் தொட்டாள். அது காய்ந்து வெளிறிப் போயிருந்தது. அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும். 'தொ'வின் கொம்பைச் சுழித்துக் கீழே இழுத்துவிடும் அதே எழுத்துத்தான் கல்லறைத் தோட்டத்தில் தொம்மையின் சிலுவையிலும் இருந்தது.

சுற்றிலும் பார்த்தாள். கடைசி வரிசையில் மை டப்பாவோடு குந்தியிருந்தார் சவுரிராயன். ஊர்க் கல்லறைகளுக்கெல்லாம் பெயர் எழுதுகிறவர்.

"இத எழுதினது நீங்கதானாண்ணே?"

"ஆமாம்மா. இன்னா, எழுத்து கோணலா கீதா?"

"உசுரோட இருக்கறவ பேருக்கு மேல சிலுவ போட்டிருக்கீங்க."

சவுரிராயன் எழுந்து வந்தார். கல்லையும் அவளையும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "உன் பேருக்குப் போடலம்மா. தொம்மைக்குப் போட்டது. செத்தவன் பேரு மேல சிலுவ இல்லாம உட மனசு வரல."

"அவரு பேர ஏன் இங்க எழுதினீங்க?"

"நான் இப்ப எங்க எழுதினேன்? அது அஞ்சு வருசமா இந்தக் கல்லுல கீது."

ரோஸ்லின் அந்த வெளிறிய பெயரை மறுபடி தொட்டுப் பார்த்தாள். சவுரிராயனே சொன்னார். "எல்லாக் கல்லுக்கும் பழைய பேரு மேல வெள்ள அடிச்சிட்டு புதுப் பேரு எழுதுன்னாங்க. இதுக்கும் அடிக்கத்தான் போனேன். பாத்தா தொம்ம பேரு. லிஸ்ட்ல உன் பேரு, தொம்ம சம்சாரம்னு போட்டுகீது. புருசன் பேர அழிச்சிட்டு அதே கல்லுல பொண்டாட்டி பேர எழுதுவாங்களா? கல்லறையில எவனும் அப்படிப் பண்ணமாட்டான். புருசன் மேல, பொண்டாட்டி கீழ. அதான முறை?"

"அவரு இங்க வந்தாரா?"

"பின்ன? இந்தக் கல்லு பக்கத்துலதான் நின்னுகினு இருந்தாரு. எழுத்து பெருசா இருக்கட்டும், எங்கூட்டம்மா தூரத்துல இருந்தே படிக்கணும்னு சொன்னாரு. உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. சாவதற்கு முந்திய வருஷம் தொம்மை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் விழுப்புரம் பஸ் ஏறிவிடுவார். கேட்டால் மண்டி வேலை என்பார். கையில் பணமும் நிற்கவில்லை. வேறு யாரோ ஒருத்தி என்று ரோஸ்லின் முடிவு கட்டிக்கொண்டாள். கடைசிப் பத்து நாள் அவரோடு பேசவே இல்லை. அவர் செத்த அன்று காலையில் சோறு கட்டிக் கொடுக்கவில்லை. அந்த ஒருத்தியின் முகம் எப்படி இருக்கும் என்று நாலு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தாள். அது இடுப்பளவு உயரத்தில், வெள்ளையடித்து, இப்போது எதிரே நின்றது.

"மேடம், பேனா" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. பிரவீன்குமார் ரசீதுப் புத்தகத்தோடு வந்திருந்தான். கல்லைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. "சாரி மேடம், பெயிண்டர் தப்பு பண்ணிட்டாரு. இப்பவே வெள்ள அடிச்சிடலாம்."

"இந்தப் பேருல இருக்கறவரு பணம் கட்டினாரா, இல்லியா?"

"அது பழைய மேனேஜ்மெண்ட் மேடம். எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. தவணை நின்னுபோச்சுன்னா கேன்சல்தான்."

"நின்னது தவண இல்லப்பா. அவரு."

அவன் ரசீதுப் புத்தகத்தை மூடித் திறந்தான்.

"சம்பந்தமில்லன்னா என் நம்பரு உங்க லிஸ்ட்டுக்கு எப்படி வந்திச்சி?"

"அது, பழைய ஃபாரத்துல நாமினின்னு உங்க..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். பிறகு சவுரிராயனைப் பார்த்து, "யோவ், என்ன நின்னுகினு இருக்க? வெள்ள அடி" என்றான்.

சவுரிராயன் வெள்ளையடிக்கும் மட்டையைப் பக்கத்திலிருந்த சுண்ணாம்பு வாளிக்குள் விட்டார்.

"அடிக்காதீங்கண்ணே" என்றாள் ரோஸ்லின். அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த இடத்தில் வேறு சத்தமே இல்லாததால் அது கடைசி வரிசை வரைக்கும் போயிற்று. "இந்த மனைக்கு நான் பணம் தர மாட்டேன். இதுக்கு ஏற்கெனவே கட்டியாச்சி. கட்டினவரு பேரு இதுல கீது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். படிவத்தில் கையெழுத்துப் போடக் குனிந்திருந்த வேங்கடேசன் பேனாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு வீட்டுச் சாவியை எடுத்து, தன் பன்னிரண்டாம் கல்லைச் சுரண்டத் தொடங்கினார். சுண்ணாம்பு பொட்டுப் பொட்டாக உதிர்ந்தது. அவர் பெயருக்கு அடியிலிருந்து இன்னொரு பெயர் மெல்ல எழுந்து வந்தது.

"பாண்டுரங்கன்" என்று வாய்விட்டுப் படித்தார்.

அதைக் கேட்டதும் ஒருவர் காசை எடுத்தார். இன்னொருவர் சீப்பை எடுத்தார். ரிஸ்வானா வளையலைக் கழற்றிச் சுரண்டினாள். ஐம்பது கல்லிலும் சர் சர் என்று சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது. இங்கே ஒரு பெயர், அங்கே ஒரு பெயர், யாரோ ஒருவர் படிப்பார், அடுத்து இன்னொருவர். வருகைப் பதிவு எடுப்பதுபோல் இருந்தது. ஆனால் உள்ளேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

"அக்கா" என்றாள் ரிஸ்வானா. "அசன் பீவின்னு ஒரு பேரு. அதுக்கு அடியிலயும் இன்னோண்ணு கீது."

பிரவீன்குமார் போனைக் காதில் வைத்துக்கொண்டு வேனை நோக்கி வேகமாக நடந்தான்.

ரோஸ்லின் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, இவங்க உங்களுக்குக் குடுத்த பழைய லிஸ்ட்டு எதுனா கீதா?" என்று சவுரிராயனிடம் கேட்டாள்.

"மூணு வாட்டி எழுதினேன். மூணு லிஸ்ட்டும் வூட்லதான் கீது. எழுத்துப் பிழைன்னு எவனாச்சும் சண்டைக்கு வந்தா காட்டணுமே."

"அதுல பேரு மட்டுமா? போன் நம்பரு?"

"எல்லாந்தான் கீது."

"அப்ப வாங்க, போலாம். இப்பவே. பணம் கட்டினவங்க எல்லாருக்கும் போன் போடணும்."

சவுரிராயன் மட்டையை வாளியிலேயே போட்டுவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். வேன் பக்கம் போகாமல் இருவரும் கொல்லை வரப்பில் இறங்கினார்கள். ஊர் எந்தப் பக்கம் என்று பனியில் தெரியவில்லை. அவர் முன்னால் போக, அவள் பின்னால் நடந்தாள். வெகுதூரம் வந்த பிறகும் அந்தச் சுரண்டல் சத்தம் நிற்கவில்லை.