கச்சான் காலத்துக் காலி நிலம்

புறம்போக்கு நிலத்தைப் பற்றி அறிக்கை எழுதுமுன் கிராம அலுவலர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. எந்தக் காற்றில் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெறும்வரை தேடினேன். அதற்கு ஒரு திருத்தாணைகூட வரவில்லை.

பாம்பன் பக்கம் எங்கள் ஊருக்கு வடக்கிலும் கடல், தெற்கிலும் கடல். கோடையில் தொடங்கித் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்குக் கடல் பொங்கும். வள்ளங்களும், கருவாடு காயப்போடும் பெண்களும் வடகரைக்குப் போய்விடுவார்கள். வாடை பிறந்ததும் எல்லோரும் தெற்கே திரும்புவார்கள். இது ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். என் தாய்மாமாவுக்குத் தெரியாது. அவர் பால்பல் விழுந்த வயதிலிருந்து இராமநாதபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்தவர். ஊருக்கு வந்ததெல்லாம் கோடை விடுமுறையில். அவர் கண்ட தெற்குக்கரை எப்போதும் வெறும் மணல்தான்.

மாமா பி.ஏ. வரலாறு. எல்லாத் தாளிலும் தேறி, அமெரிக்க வரலாற்றில் மட்டும் அரியர் வைத்து வீட்டில் இருந்தார். அந்தச் சமயத்தில்தான் அவருக்கு ஒரு பெண்ணைப் பிடித்துப்போனது. என் அம்மா போய்க் கேட்டாள். பெண்ணின் தாய் கருவாட்டு வியாபாரி, கணவனைக் கடலில் இழந்தவர்.

"படிச்ச பையன்தான். ஆனா கால ஊனி நிக்க அவனுக்கு ஒரு பிடி மண்ணு இருக்கா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

மாமா பாடப்புத்தகத்தைத் திறந்தார். அமெரிக்காவில் நூறு வருடத்துக்கும் முன்னால் மேற்கே போய் வேலி போட்டு, ஐந்து வருடம் குடியிருந்து பயிர் வைத்தவனுக்கு அரசாங்கமே நிலத்தை எழுதிக் கொடுத்ததாம். வரைபடத்தில் அந்த மேற்குப் பகுதி வெள்ளையாக இருந்தது.

"இங்கன யாருமே இல்லையா மாமா?" என்று கேட்டேன், அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த நான்.

"யாரும் இல்ல. சும்மா கெடந்துச்சு. துப்பாக்கியா புடிச்சுச்சு அத? ரயிலும் முள்கம்பியும்தான் புடிச்சுச்சு. நமக்கும் ரயில் இருக்கு. முள்கம்பிதான் இல்ல."

முள்கம்பிக்குப் பதில் கிழிந்த வலை கிடைத்தது. தெற்குக்கரையில் கம்பு நட்டு வலையைக் கட்டினோம். உள்ளே இரண்டு தென்னம்பிள்ளை வைத்தோம்.

"யாருட்டயாவது கேட்டியாடா?" என்றாள் அம்மா.

"கேக்க அங்கன யாரு இருக்கா, அக்கா?"

கிராம அலுவலர் வந்து பார்த்து 'பி மெமோ' கொடுத்தார். ஆக்கிரமித்த இடத்தைக் காலி செய் என்று சொல்கிற காகிதம் அது. எங்கள் பக்கத்தில் அதைப் பட்டாவின் ஞானஸ்நானச் சான்றிதழ் என்று நினைப்பார்கள். பல நேரம் அது உண்மையாகிவிடுவதும் உண்டு. மாமா தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்.

பிறகு வாடை பிறந்தது. பெண்கள் கூடைகளோடு தெற்கே வந்து வேலிக்கு முன்னால் நின்றார்கள். முன்னால் நின்றவர் அந்தப் பெண்ணின் தாய்.

"ஏலே, யாரு போட்ட வேலி இது?"

"நான்தான் அத்தை. எடம் சும்மா கெடந்துச்சு…"

"கச்சான்ல வந்து பாத்தா சும்மாதான் கெடக்கும். எங்க வீட்டு அடுப்புந்தான் மத்தியானம் சும்மா கெடக்கு. அதுக்குள்ள வந்து படுத்துக்கிறியா?"

பெண்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்க முயன்றார்.

"எம் மாமியா காலத்துலருந்து மீனு காயுற மண்ணு. எம் பொண்ணக் கேட்டு வாரவன், மொதல்ல இந்த வலையப் பிரிச்சுட்டு வா."

மாமா வீட்டுக்கு வந்து புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அந்த வெள்ளை நிலத்தில் காட்டெருமை மந்தைகளின் பின்னால் போய், பருவம் மாறியதும் திரும்பி வந்த பூர்வகுடி மக்களைப் பற்றி அதில் இருந்தது. திரும்பியபோது வழியில் வேலி இருந்ததாம்.

"இதுதான் பரீட்சையில வந்துச்சு. முக்கியமில்லன்னு விட்டுட்டேன்" என்றார்.

மறுநாள் வலையைப் பிரித்தார். கம்புகளைப் பிடுங்கவில்லை. அவற்றின் மேல் வலையைப் படுக்கையாக இழுத்துக் கட்டினார். மண் ஒட்டாமல் நெத்திலி காய்ந்தது. அத்தை கூடையை அவர் கையில் கொடுத்தார். அந்த இடம் பெண்கள் கருவாடு காயப்போடும் களம் என்று அரசு கணக்கில் ஏற்ற வேண்டும் என மாமா ஒரு மனுவும் எழுதினார். ஈஸ்டர் பாஸ்கா கழிந்ததும் கல்யாணம் நடந்தது. அரியர் தாளிலும் தேறினார்.

பதில் வந்தபோது மறுபடியும் வாடைக்காலம். கரை முழுக்க மீன் காய்ந்துகொண்டிருந்தது. தபால்காரர் கால் வைக்க இடமில்லாமல் நெத்திலியைத் தாண்டித் தாண்டி வந்து உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். மாமா உரக்கப் படித்தார்: "புலத்தணிக்கையின்போது மேற்படி நிலம் எவருடைய அனுபவத்திலும் இன்றிக் காலியாக இருப்பது அறியப்பட்டதால், மனு நிராகரிக்கப்படுகிறது." தணிக்கை செய்த மாதத்தையும் படித்தார். அது கச்சான் மாதம்.

"காலியாம்ல?" என்றார் அத்தை. "அப்ப நாங்கள்லாம் யாருலே?"

யாரும் சிரிக்கவில்லை. மாமா காகிதத்தை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். ஏன் எல்லோரும் சும்மா நிற்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இது வேறு யாருடைய இடத்துக்கோ வந்த பதில். தப்பாக நம்மிடம் கொடுத்துவிட்டார், திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து, தபால்காரரைக் கூப்பிட்டுக்கொண்டே மணலில் ஓடினேன். அன்று நவம்பர் கடைசி, கிறிஸ்து அரசர் திருநாளுக்கு மறுநாள், திங்கட்கிழமை.