மங்கு இல்லாத மலைப்பாதை

எஸ்டேட் பள்ளியில் அஞ்சாவதோட நின்னவன் நான். சித்தியவானில் சொந்தமா வீடு கட்டினேன், லோரி வாங்கி ஓட்டினேன். சிம்பாங் பூலாய்ப் பக்கம் இந்த மலைக்கு, காட்டைத் திருத்தி தனி ஆளா வழி வெட்டினேன். ஏறுறவங்க வழி தவறக் கூடாதுன்னு, ரப்பர் பால் பிடிக்கிற மங்குகளைத் திருப்பத்துக்குத் திருப்பம் மரத்தில் கவிழ்த்துக் கட்டினேன்.

இன்னிக்கு பஸ் ஏறி வந்து மலையடியில் நிக்கிறேன். புதுப் பலகையில் ஏதோ மலையேறும் சங்கத்தின் பேர் இருக்கு. மரத்தில் ஒரு மங்குகூட இல்லை.

அங்கே செண்டோல் ஐஸ் விக்கிற பொம்பளையைக் கேக்கிறேன்.

"மங்குல தண்ணி நின்னு டெங்கி கொசு வருமாம், அங்கிள். சங்கத்துக்காரங்க எல்லாத்தையும் கழட்டிட்டாங்க. இப்ப ஏறுறவன்லாம் காட்டுக்குள்ள சுத்துறான்."

"கவிழ்த்து வெச்ச மங்குல தண்ணி எப்படி நிக்கும், தங்கச்சி?"

"அதை அவங்ககிட்ட கேளுங்க லா!"

திரும்பவும் ஏறிக் கட்ட என் முட்டி விடாது. நான் பார்க்கப் பார்க்கவே புல் மூடி வழி அழிஞ்சிரும். அழிஞ்சாலும் போகட்டும். சங்கத்துக்காரங்களே, அதை வெட்டினவன் நான்னு அந்தப் பலகையில் முதல் வரியா எழுதுங்க.