தண்ணீர் விடாத கறி

காய்ச்சல் கண்ட தொழிலாளிக்கு அன்றே கொயினா மாத்திரை கொடுக்க வேண்டும். தோட்டத்தில் வசிக்கும் அவருடைய குடும்பத்தாருக்கும் அவ்வாறே. லாபுப் பக்கம் நான் சின்னக் கிராணியாகக் கணக்கெழுதிய ரப்பர்த் தோட்டத்தில், மருந்தறைக் கதவில் தொங்கிய விதி இது. ஜப்பான்காரர்கள் வந்த பிறகும் அதை யாரும் கழற்றவில்லை. மருந்தை மட்டும்தான் கழற்றிக்கொண்டு போனார்கள்.

என் மனைவிக்கு மறுபடியும் மலேரியா வந்தபோது, கொயினாவுக்குச் சிரம்பானில் இருந்த ஜப்பானிய அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டும் என்றிருந்தது. செய்தேன். மூன்று பிரதி, தோட்ட முத்திரை, மருந்தறையில் வைத்தியம் பார்க்கும் டிரசரின் சான்று. ஆண்டையும் 1944 என்று போடாமல், அவர்களுடைய கணக்குப்படி 2604 என்றே போட்டேன். ஒரே உத்தரவில் எங்களை அறுநூற்று அறுபது வருடம் முன்னே தள்ளியவர்களுக்கு, ஒரு குப்பி மாத்திரைக்குப் பதில் எழுத அவகாசம் தேவைப்பட்டது.

அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர்த்திருந்தன. படுக்கையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் அந்தக் கறியைக் கேட்டாள். அவள் கான்வென்டில் படித்தவள். அங்கே சமையல் கற்றுக்கொடுத்த இத்தாலியக் கன்னியாஸ்திரீ ஈஸ்டர் தோறும் வின்யரோலா என்று ஒன்று வைப்பாராம். அவருடைய ஊரில் வசந்தத்தில் வரும் முதல் இளங்காய்களை ஒன்றாக வேகவைப்பது.

"இஞ்சாருங்கோ, மரவள்ளியைக் கண்டாலே குமட்டுது. அதை ஒருக்கால் வைச்சுத் தாருங்கோவன்."

"பட்டாணிக்கு நான் இத்தாலிக்கோ போறது?"

"மதருக்கு மட்டும் இஞ்ச என்ன கிடைச்சது? அவ வாழைப்பூக் குருத்துத்தான் போட்டவ. பட்டாணிக்குப் பயத்தங்காய் விதை. பிறகு அவரைப்பிஞ்சு, வத்தாளங் கிழங்கின்ரை கொழுந்து. தண்ணி மட்டும் விடப்படாது. காயின்ரை தண்ணியே காணும்."

வாழைப்பூவுக்குத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் போனேன். பால்வெட்டுக்காரப் பெண் ஒருத்தி தன் வாசல் மரத்திலிருந்து அறுத்துக் கொடுத்தாள். நான் மடல் உரிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கிராணி ஐயா இதையும் செக்ரோல் ஏட்டுல பேர் எழுதிட்டுத்தான் உரிப்பாரு போல. குடுங்கலா இப்படி!"

குருத்தோலை ஞாயிறன்று வைத்தேன். தேங்காயெண்ணெயில் வெங்காயம், பிறகு அவள் சொன்ன வரிசையில் ஒவ்வொன்றாக. அடிப்பிடித்துவிடுமோ என்ற பயத்தில் என் கை தானாகக் குவளையை எடுத்தது. சூடான சட்டியில் தண்ணீர் விழுந்த சத்தம் படுக்கைவரை கேட்டிருக்கிறது.

"தண்ணி விட்டிட்டியளோ? அப்ப அது சொதி!" என்று சிரித்தாள். இருமல் வந்து நிறுத்தும்வரை சிரித்தாள். "திருநாளைக்குத் திரும்ப வையுங்கோ. மூடியைத் திறவாதையுங்கோ."

"நீர் கதையாமல் கிடவும்," என்றேன்.

அந்த வாரம் சைக்கிளில் சிரம்பானுக்குப் போனேன். முகப்பில் இருந்த கிளார்க்கும் எங்கள் ஊர்த் தமிழர்தான்.

"மனு மேசையில இருக்கு. ஒப்பம்தான் இல்லை."

"யாற்றை மேசையில?"

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை."

குறை சொல்ல முடியாது. அவருடைய நாற்காலியில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். பிற்காலத்தில் பலருக்குச் சொல்லியுமிருக்கிறேன்.

ஈஸ்டர் காலை மறுபடி வைத்தேன். குவளையை முன்னதாகவே வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டேன். காய்கள் தங்கள் நீரிலேயே வெந்தன. எங்கிருந்து அவ்வளவு நீர் வந்தது என்று இன்றும் தெரியாது. தட்டில் எடுத்துப் போனபோது அவளுக்குக் குளிர் பிடித்துக் கட்டிலே ஆடியது.

"நிறம் சரி," என்றாள்.

ஓர் அவரைப்பிஞ்சை அவள் வாயில் வைத்தேன். நெடுநேரம் வைத்திருந்தாள். விழுங்க முடியவில்லை. உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"நாளைக்குச் சாப்பிடுறன். மூடி வையுங்கோ."

மூடி வைத்தேன். மறுநாள் மதியம் அவள் போய்விட்டாள். அடக்கம் முடிந்து வந்தபோது சட்டி அடுப்படியில் மூடியபடியே இருந்தது. அதைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாழைப்பூ கொடுத்த அந்த லயத்துப் பெண்தான் வந்து வெளியே எடுத்துப் போனாள்.

பதில் மூன்று வாரம் கழித்து வந்தது. மனு ஏற்கப்பட்டதாகவும், நோயாளி நேரில் வந்து மருந்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். ஒப்பம் இருந்தது, முத்திரை இருந்தது, குறை ஏதுமில்லை. எந்தக் காகிதம் வந்தாலும் அது வந்த தேதியை அதன் மூலையில் குறிப்பது நடைமுறை. குறித்தேன்: 2604, மே மாதம் இரண்டாம் தேதி.