வவுணதீவில் பாதி வயல் பச்சை

இன்று கல்லடி இன்டர்நெட் கடையில் என் வயலைப் பார்த்தேன். வானத்திலிருந்து எடுத்த படங்களால் செய்த வரைபடத்தைக் கடைக்காரர் திறந்து காட்டினார்.

சண்டை வந்து நாங்கள் வவுணதீவை விட்டுப் புறப்பட்டபோது, எங்கள் வயலைச் செய்துவந்த கணபதி வரவில்லை. மாடுகளை விட்டு வரமாட்டேன் என்றான். பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்தப் பக்கம் போகவும் அனுமதி இல்லை.

படத்தில் வயலின் நடுவே நேர்கோடு. ஒரு பாதி பச்சை, மறுபாதி வெறும் மண்.

"என்ட வயலுக்க ஆர் வரம்பு போட்ட?"

"வரம்பில்ல அம்மா. மாரியில எடுத்த படத்தையும் கோடையில எடுத்த படத்தையும் ஒட்டியிருக்காங்க."

"எந்த வருசம்?"

"அது போடல்ல."

கொன்வென்ட்டில் படிக்கும்போது திசை குறிக்காத வரைபடத்தையே சிஸ்டர் கிழித்துப்போடுவார். இதில் காலமே இல்லை.

ஆனால் பச்சைப் பாதியில் எங்கள் வயல் வாடிக்கு, அந்தக் காவல் குடிசைக்கு, கூரையைக் காணவில்லை. நாங்கள் விட்டு வரும்போது கூரை இருந்தது. ஆகவே அது பிறகு எடுத்த படம்.

கூட வந்த மச்சாள் துள்ளினாள். "வேளாண்மைதான்கா! கணபதி நெல்லு விதைச்சிருக்கான்!"

"புல்லாயும் இருக்கலாம்," என்றார் கடைக்காரர்.

"உமக்கு வாய் சும்மா இராதோ?" என்று மச்சாள் அவர்மேல் பாய்ந்தாள்.

எத்தனை பெரிதாக்கினாலும் பச்சை பச்சையாகவே இருந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

படத்தை இங்கே போட்டிருக்கிறேன். நெல்லா, புல்லா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புல் என்று சொல்ல இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம்.