ஓட்டுச் சோறு

போன தேர்தலன்று ஓட்டுப் போட்டுவிட்டுப் பள்ளிக்கரணையில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்குத் திரும்பினேன். மருமகள் போனிலேயே பிரியாணிக்குச் சொல்லியிருந்தாள். காலிங் பெல் அடித்தது, கதவைத் திறந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாத ஒரு பிள்ளை பொட்டலத்தை நீட்டினான். நான் அதை வாங்காமல், மை வைத்த இடது கை ஆள்காட்டி விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கிறேன்! அவன் திருதிருவென்று முழித்தான். "பே பண்ணியாச்சு ஆன்ட்டி" என்றான். உள்ளேயிருந்து மருமகள் "என்ன அத்தை ஆச்சு?" என்று கேட்டாள். என்னத்தைச் சொல்ல? முப்பது வருஷத்துக்கு முந்தைய பழக்கம், கை அதன் பாட்டுக்கு நீண்டுவிட்டது என்றா சொல்வது? அசடு வழியச் சிரித்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். சாப்பிட உட்கார்ந்தேன். எதிர்வீட்டு அக்காவின் நினைப்பு வந்துவிட்டது.

குரோம்பேட்டையில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தெருவுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு பாய் வீடு. பாய் தாம்பரத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அவர் மனைவிதான் நான் சொல்கிற அக்கா. நல்ல உயரம், வெற்றிலைச் சிவப்பு மாறாத வாய், தெருமுனைவரை கேட்கிற குரல். அவர் யாரையாவது 'இன்னாம்மா' என்று கூப்பிட்டால், கூப்பிடாத நாலு பேரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்கள். முதல் ஆறு மாதம் எனக்கு அவரைக் கண்டாலே பயம். அப்புறம் அவர் இல்லாமல் பொழுது போகாது என்றாகிவிட்டது.

தேர்தலன்று எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. அக்கா வீட்டை ஒட்டி ஒரு காலி மனை இருந்தது. அங்கே கல் கூட்டி, அவர் வீட்டு விசேஷங்களுக்கு என்று வைத்திருந்த தேக்சாவை, அதாவது ஆள் உட்கார்ந்து குளிக்கிற அளவுக்குப் பெரிய அந்தச் செம்புப் பாத்திரத்தை, விடிவதற்குள் ஏற்றிவிடுவார்கள். தெருவுக்கே அன்று ஒரே சமையல், குஸ்கா. கறி போடாத பிரியாணி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சைவம் சாப்பிடுகிறவர்களும் உண்டே, எல்லோருக்கும் ஒரே பாத்திரம்தான் என்பதால் அதில் கறி விழக்கூடாது என்று அக்கா வைத்த ஏற்பாடு. வெங்காயம், தக்காளி, புதினா, தயிர் எல்லாம் வீட்டுக்கு ஒன்றாக வரும். வந்த புதிதில் நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு படி அரிசியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். "அரிசி வாணாம்மா. பத்து வூட்டு அரிசி பத்து மாதிரி வேகும். ஒண்ணு குழையும், ஒண்ணு நறுக்குனு நிக்கும். நீ உக்காந்து வெங்காயம் நறுக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அரிசி மட்டும் அவர் வீட்டுடையது. இரண்டு கட்சிக்காரர்களும் மூட்டையோடு வந்து பார்த்தார்கள், அந்த மூட்டைகள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயின. கரைவேட்டிக்காரர்கள் சாப்பிட வரலாம், துண்டைக் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும். காலையில் பள்ளிக்கூட வாசலில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்ற பையன்கள் மத்தியானம் இங்கே தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்து, "உன் தலைவருக்கும் சேத்துத் துன்றியா மச்சான்?" என்று கிண்டலடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.

என் மாமியார் வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். அவரும் அன்று தட்டோடு வந்துவிடுவார். கேட்டால், "இது ஓட்டுச் சோறு, இதுக்கெல்லாம் தீட்டு கிடையாது" என்பார். எந்த சாஸ்திரத்தில் படித்தாரோ!

சாப்பாட்டுக்கு ஒரே ஒரு சட்டம்தான். விரலில் மை இருக்க வேண்டும். ஒரு தேர்தலில் பாதித் தெரு வெயிலுக்குப் பயந்து வீட்டிலேயே படுத்துக்கிடந்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கரெக்டாக வந்ததாம். அக்காவுக்கு வந்ததே கோபம். அன்று போட்ட சட்டம் அது. "வெரலக் காட்டு, அப்பறம் தட்ட நீட்டு" என்பார். கரண்டியை ஓங்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பார்த்துப் பார்த்துப் போடுவார். பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு. ஆனாலும் அதுகள் சும்மா இருக்குமா? பேனா மையைத் தடவிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கும். அக்கா குனிந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "யாருக்கு சார் போட்டீங்க?" என்று கேட்டுவிட்டு இரண்டு கரண்டி சேர்த்துப் போடுவார்.

அக்காவின் ஓட்டு எப்போதும் கடைசியில்தான். எல்லோருக்கும் போட்டு, குளித்து, பெட்டியில் இருக்கும் நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் பூத்தை மூடுகிற நேரத்துக்குப் போவார். திரும்பி வந்து அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தட்டில் போட்டுக்கொண்டு, தன் விரலைத் தானே ஒரு தரம் பார்த்துச் சிரித்துவிட்டுச் சாப்பிடுவார். இது தெருவுக்கே தெரிந்த விஷயம். தெருவுக்கே தெரிந்திருந்ததுதான் வினையாகப் போயிற்று.

எண்பதுகளின் கடைசியில் வந்த தேர்தல் அது. சாயங்காலம் நானும் துணைக்குப் போயிருந்தேன். அரக்கு நிறப் புடவை, தலையில் பூ, முகத்தில் பவுடர் என்று கல்யாணத்துக்குக் கிளம்பியவர்போல் இருந்தார். உள்ளே போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். "போட்டாச்சாம்" என்றார். எனக்குப் புரியவில்லை. "என் ஓட்ட யாரோ போட்டுட்டாங்களாம்மா. முக்காடு போட்டுக்கினு ஒரு பொம்பள வந்துச்சாம். என் பேர சொல்லிச்சாம். குத்திட்டுப் போயிடிச்சாம்." அது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நடந்திருக்கிறது. கள்ள ஓட்டைக் கண்டுபிடிக்க வேண்டிய ஏஜென்ட் அண்ணா அந்த நேரத்தில் எங்கள் காலி மனையில் உட்கார்ந்து இரண்டாவது தரம் குஸ்கா வாங்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் ஒரு மூச்சு கத்தினேன். அந்த அதிகாரி பாவம், எழுந்து நின்று, "நான் என்ன மேடம் பண்றது, லிஸ்ட்ல டிக் ஆயிடுச்சே" என்றார். அப்படிப்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு சீட்டுக் கொடுக்க வழி உண்டு என்று பின்னால் யாரோ சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

மனைக்குத் திரும்பியதும் தட்டில் காந்தலைப் போட்டு அக்காவிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "மை இல்லியேம்மா" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. விடியற்காலையிலிருந்து ஒரு வாய் டீயோடு நின்ற மனுஷி அவர். என் மாமியார் கெஞ்சினார், பாய் அதட்டினார். "ஊருக்குப் போட்ட சட்டம் எனக்கு இல்லியா?" என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். அந்த நல்ல புடவையோடேயே சாம்பல் பக்கத்தில் உட்கார்ந்து தேக்சாவைத் தேய்க்க ஆரம்பித்தார். நான் அழுதுவிட்டேன். சோற்றுக்காக அழுத அழுகையா அது? தன் தெரு என்று அத்தனை பேருக்கும் பொங்கிப்போட்ட ஒருவரை, அந்தத் தெருவில் ஒரு ஆளாகவே இல்லாமல் செய்துவிட்டார்களே என்ற ஆற்றாமை.

பையன்கள் கொதித்துப்போய் வந்தார்கள். உன் கட்சிதான் என்று இவன், உன் கட்சிதான் என்று அவன். வீடு வீடாகப் போய் எல்லாப் பெண்களின் கையையும் பார்த்துவிடலாம் என்று ஒருவன் கிளம்பினான். அப்போதுதான் அக்கா தலையை நிமிர்த்தினார். "டேய், குந்துங்கடா. இன்னிக்கு வூடு பூந்து கையப் பாத்தீங்கன்னா, நாளைக்கு எவளும் எங்கிட்ட வந்து கைய நீட்ட மாட்டா. அப்பறம் நான் இந்த தேக்சாவ வச்சிக்கினு இன்னா பண்றது?" என்றார். பையன்கள் கலைந்தார்கள். ஆனாலும் சந்தேகம் ஒன்று வந்துவிட்டது பாருங்கள், அது அப்படி லேசில் போகாது. குழாயடியில் பேச்சு குறைந்தது. முக்காடு என்ற வார்த்தையே யார் வாயிலும் வராது. அடுத்த தேர்தலுக்குக் கல் கூட்டுவார்களா என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

இரண்டு வருஷத்திலேயே அடுத்த தேர்தல் வந்துவிட்டது. விடிகாலையில் அக்கா வழக்கம்போல் விறகோடு மனைக்கு வந்தார். அங்கே வெங்காயமும் இல்லை, ஆளும் இல்லை. முகம் செத்துப்போய்விட்டது அவருக்கு. நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தெரு மொத்தமும் அங்கே வரிசையில் நின்றது. பூத்தைத் திறந்தும் ஒருவரும் உள்ளே நுழையவில்லை. வாசலில் நின்ற போலீஸ்காரர், "போங்கம்மா, போங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தார். என் மாமியார் வரிசையின் முதல் ஆளாக நின்று, "எங்க வீட்டுப் பெரியவ இன்னும் வரலை சார்" என்றார். ஆமாம், என் மாமியாரேதான்! அக்கா அடுப்படிப் புடவையோடு, தலைகூட வாராமல், எல்லோருக்கும் முன்னால் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். விரலைத் தூக்கிக் காட்டினார். திருவிழா மாதிரி ஒரு கைதட்டல் எழுந்தது. போலீஸ்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவரும் சேர்ந்து தட்டினார்.

அன்று சாப்பாடு ரொம்பத் தாமதம். பசியில் பிள்ளைகள் அழுதன, பெரியவர்கள் பச்சைத் தக்காளியைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். தம் உடைத்து மூடியைத் திறந்தபோது எழுந்த அந்தப் புதினா வாசனையை இப்போதும் என்னால் நினைத்த மாத்திரத்தில் வரவழைத்துக்கொள்ள முடியும். பந்தி முடிந்ததும் அக்கா ஒரு தட்டில் குஸ்காவைக் குவித்து, மேலே இன்னொரு தட்டால் மூடி, "கூட வாம்மா" என்று என்னைக் கூப்பிட்டார்.

தெருக்கோடியில் கூரை போட்ட வீட்டில் ஒரு பெண் குடியிருந்தாள். புருஷன் பெயிண்ட் வேலைக்குப் போய்ச் சம்பாதிப்பதை வழியிலேயே தொலைத்துவிட்டு வருகிறவன். பழைய தேர்தல்களில் எங்களோடு உட்கார்ந்து பூண்டு உரிப்பாள், அதிகம் பேசமாட்டாள். அன்று அவளைக் காணவே இல்லை என்பது அந்த வாசலில் போய் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அக்காவைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். "நான் ஓட்டுப் போடப் போகல அக்கா" என்றாள்.

"நான் கேட்டனா?" என்றார் அக்கா. "புடி. சூடா கீது."

"மை இல்ல அக்கா."

"சட்டம் போட்டது நானு. எடுக்கறதும் நானு. கொயந்தைங்க பசியா இருக்கும், புடிம்மா."

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அக்கா தட்டை அவள் மடியில் வைத்துவிட்டு, தலையை ஒரு தரம் தடவிவிட்டு, திரும்பி நடந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன். "உங்களுக்கு எப்பத் தெரியும் அக்கா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே தெரியும். சோறு வாங்க வந்தப்போ அவ வெரல்ல மைக்குக் கீழ தோலு உரிஞ்சி செவசெவன்னு இருந்துது. அடுப்புல சுட்டுக்கிச்சோன்னு ரெண்டு கரண்டி சேத்துப் போட்டேன். பூத்துக்குப் போயி நின்னப்போதான் புரிஞ்சிது, மொத மைய தேச்சி எடுத்துருக்கான்னு." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நடந்தார். "கட்சிக்காரனுங்க ஒரு பொடவ குடுத்தானுங்களாம். நேரா வந்து என்னாண்ட கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டனா? கேக்கற மாதிரி நான் இல்லாம பூட்டேனேம்மா. அதான் எனக்குப் பேஜாரா கீது."

எனக்கு இன்றுவரை ஆறாத இடம் இதுதான். திருடு கொடுத்தவர் அவர். தலை குனிந்துகொண்டு நடந்தவரும் அவர்தான். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. அக்கா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது, அந்த மனையில் இப்போது ஒரு அடுக்குமாடி நிற்கிறது. இனிச் சொன்னால் யாருக்கும் குறையில்லை. எனக்குத்தான், கேட்டு வாங்கிச் சாப்பிட அப்படி ஒரு அக்கா இல்லை.

அன்று மனைக்கு வந்து இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். தேக்சாவில் காந்தல்தான் மிச்சம். நான் சுரண்டித் தட்டில் போட்டேன். அக்கா முதல் உருண்டையை உருட்டும்போது தெருவில் யாரோ வருகிற சத்தம் கேட்டது. தெருக்கோடிப் பெண்தான். கழுவிய தட்டோடு வந்து, அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அழுக்குப் பாத்திரங்களைத் தன் பக்கம் இழுத்தாள்.

அக்கா தன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "மொதல்ல துன்னியா நீ?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அக்கா அந்த உருண்டையை அவள் கையில் வைத்தார். அவள் சாப்பிட்ட பிறகுதான் தான் சாப்பிட்டார்.