பின் டயரின் அம்பு

சைக்கிள் டயரில் அம்பு அம்பாக வெட்டு இருக்கிறதே, அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று என்னிடம் யாராவது கேட்டால் இப்போதெல்லாம் வாயைத் திறக்க மாட்டேன். ஒருகாலத்தில் கேட்காமலே சொல்வேன். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு ஊரில் எதைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருந்தாக வேண்டும் என்று நினைத்திருந்த வயது. சைக்கிள் வேறு வாங்கியிருந்தேன். கேட்க வேண்டுமா!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊரில் என்னுடையது ஒன்றுதான் சைக்கிள். வெளியிலிருந்து தினமும் வருகிற சைக்கிள் இன்னொன்று உண்டு. முட்டத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவருடையது. கட்டுமரம் கவிழ்ந்து தோள்மூட்டு இறங்கிப்போனவர் அவர். துடுப்புப் போட முடியாது, வலை இழுக்க முடியாது. அதனால் பழைய சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்து, பின்னால் கூடையைக் கட்டி, காலையில் ஒன்பது மணிக்குள் எங்கள் ஊருக்குள் வந்துவிடுவார். வீட்டில் ஆறு வாய். அந்தச் சைக்கிளும் எங்கள் ஊரும் அடுத்த ஊரும்தான் அவருக்குப் பிழைப்பு.

இரண்டு பேருமே அந்த வருஷம் கோட்டாற்றில் ஒரே கடையில் ஒரே மாதிரி டயர் வாங்கிப் பின் சக்கரத்துக்குப் போட்டிருந்தோம். நடுவில் வரிசையாக அம்புமுனைகள் வெட்டிய டயர். என் டயரில் அம்பு, சக்கரத்தின் உச்சியில் இருக்கும்போது, முன்னால் பார்க்கும். அவருடையது பின்னால் பார்த்தது. ஒருநாள் என் வீட்டு வாசலில் அவர் சாளை மீன் எண்ணிக்கொண்டிருந்தபோது நான் அதைக் கண்டுவிட்டேன்.

"வே, டயரைத் தலைகீழா மாட்டியிருக்கீரே. அம்பு முன்னால பாக்கணும். அப்பத்தான் காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகும். இப்படிப் போட்டா மண்ணை அள்ளிப் பின்னால இழுக்கும்."

"எப்படிப் போட்டாலும் ஓடும் சாரே. அம்பு எங்க பாக்குன்னு மீனுக்குத் தெரியவா போகு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. பையன்களுக்குப் பூகோளமும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறவனிடம் மீன்காரர் நையாண்டியா? விட்டேனா பார் என்று தினமும் அவரைக் கண்டபோதெல்லாம் டயரைப் பற்றியே பேசினேன். பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். பதினோராம் நாள், "உங்க தொல்லை தாங்கல்ல சாரே" என்று என் வாசலிலேயே சக்கரத்தைக் கழற்றினார். நான் உட்கார்ந்து டயரைத் திருப்பி மாட்டிக் காற்றும் அடித்துக்கொடுத்தேன். "இப்ப எப்படி இருக்கு?" என்றேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "அப்படியே இருக்கு" என்றார்.

உண்மையில் அப்படியேதான் இருந்திருக்கும். பிற்பாடு நானே என் டயரை இரண்டு விதமாகவும் மாட்டி அஞ்சுகிராமம் வரை போய்வந்து பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. ஏற்றத்தில் அதே மூச்சு வாங்கல், எதிர்க்காற்றில் அதே பாடு. கல் ரோட்டில் ஓடுகிற ஒல்லி டயருக்கு அம்பு எங்கே பார்த்தால் என்ன? ஆனால் அது எல்லாம் முடிந்த பிறகு செய்த பரீட்சை. அதனால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

ஓணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஊர் எல்லைத் தோப்பில் ஓர் ஏத்தன் வாழைக்குலை காணாமல் போயிற்று. ஓணத்துக்கு ஏத்தங்குலை என்றால் எங்கள் பக்கத்தில் அது வெறும் வாழைக்காய் இல்லை. தோப்புக்காரர் அதை மகள் வீட்டுக்கு அனுப்பச் சருகு சுற்றிக் காத்துவைத்திருந்தார். விடியற்காலையில் சாரல் பெய்து ஓய்ந்தபோது குலை இருந்தது என்றார். மத்தியானம் பார்த்தால் தண்டு மட்டும் நிற்கிறது.

தோப்பை ஒட்டி ஒரு மண்பாதை. மழை பழைய தடங்களையெல்லாம் அழித்திருந்ததால் அதில் ஒரே ஒரு சைக்கிள் தடம் துல்லியமாகக் கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு நான் போனபோது ஊரே அங்கே கூடியிருந்தது. அடுத்த ஊரிலிருந்து மீன்காரரைக் கையோடு கூட்டிவந்திருந்தார்கள். கூடை காலி. குலையை வழியில் யாரிடமோ கொடுத்துவிட்டார் என்று அதற்கும் ஒரு காரணம் அதற்குள் கண்டுபிடித்தாயிற்று.

"தடம் என்னோடதுதான்" என்றார் அவர். "ஆனா இது காலையில நான் மீனோட உள்ள வந்த தடமாக்கும். போனது வண்டிப்பாதை வழி. கூடை நெறைய மீன வச்சுக்கிட்டு கொலைய எங்க வைக்க?"

நியாயமான பேச்சு. உள்ளே வந்த தடமென்றால் அவர் மேல் குற்றமில்லை. வெளியே போன தடமென்றால் காலிக் கூடையோடு தோப்பைக் கடந்திருக்கிறார், குலையை எடுத்தவர் அவர்தான். எல்லாம் தடம் எந்தத் திசையில் போயிருக்கிறது என்பதில் நின்றது.

தோப்புக்காரர் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார். எங்கள் ஊர்க்காரர்கள் காலங்காலமாகக் காணாமல் போன மாடுகளைக் குளம்புத்தடம் பார்த்துக் கண்டுபிடிக்கிறவர்கள். பிளந்த குளம்பின் கூர் எந்தப் பக்கமோ மாடு அந்தப் பக்கம். சேற்றில் பதிந்த அந்த அம்புகளும் பார்வைக்குக் குளம்பு மாதிரியே இருந்தன. "கூரு வெளிய பாக்கு. இவன் வெளிய போயிருக்கான்" என்றார் தோப்புக்காரர். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

இருந்தாலும் ஊரில் சைக்கிள் உள்ளவன் என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் குனிந்து பார்த்தேன். அம்பு வெளியேதான் பார்த்தது. அவர் டயரை முன்பார்க்க மாட்டிக்கொடுத்ததே நான்தானே? என்னைவிட யாருக்குத் தெரியும்?

"சந்தேகமே இல்லை, வெளியே போன தடம்தான்" என்றேன்.

மீன்காரர் என் முகத்தைப் பார்த்தார். "சாரே, உங்க வண்டி இந்தா நிக்கு. ரெண்டு முழம் உருட்டிப் பாத்திருவமே."

என் சைக்கிள் கைக்கு எட்டுகிற தூரத்தில் வேலியில் சாய்ந்திருந்தது. உருட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அத்தனை பேர் முன்னால் அவர் என்னைச் சோதிக்கச் சொல்வதாக எனக்குப் பட்டது. கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. அதுவரை அவரை 'நீரு' என்று பேசிக்கொண்டிருந்தவன் ஒரே அடியாக இறங்கினேன்.

"எனக்கு நீ சொல்லித் தாறியா? அம்பு எங்க பாக்கோ வண்டி அங்க போகும். இதுக்கு உருட்டி வேற பாக்கணுமோ?"

இனி மீன்காரர் கூடை ஊருக்குள் வரக்கூடாது, யாரும் வாங்கவும் கூடாது என்று ஊரார் அங்கேயே தீர்மானித்தார்கள். அடுத்த ஊர்க்காரர்களும் இரண்டே நாளில் கதவைச் சாத்தினார்கள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சைக்கிளை முற்றத்துக்குள் ஏற்றி நிறுத்தினேன். என் மனைவி அப்போதுதான் சாணி மெழுகி முடித்து வாளியோடு நின்றாள். எனக்குக் கிடைக்க வேண்டிய ஏச்சு கிடைத்தது. பிறகு தரையைப் பார்த்தவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"இது என்ன கூத்து? உள்ள வந்தது நீங்க. தடம் என்னமோ தெருவுக்குப் போன மாதிரில்லா இருக்கு? வந்தது நீங்களா, ஒங்க பேயா?"

திரும்பிப் பார்த்தேன். ஈரச் சாணியில் அம்புகள் வரிசையாக வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. நான் வந்த திசையைப் பார்த்து.

சக்கரத்தின் உச்சியில் முன்னால் பார்க்கிற அம்பு அரைச்சுற்றுச் சுற்றித் தரைக்கு வரும்போது பின்னால்தான் பார்க்கும். ஒரு சோளத்தட்டையைச் சுழற்றிப் பார்த்தால் ஐந்தாம் வகுப்புப் பையனுக்குப் புரியும். அத்தனை வருஷம் சைக்கிள் மிதித்தவன் என் தடத்தை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அது மட்டுமா? அவர் மாட்டியிருந்தபடியே டயரை விட்டிருந்தால் அந்த அம்புகள் ஊருக்குள் பார்த்திருக்கும். ஒருவரும் அவரை ஒரு சொல் சொல்லியிருக்க முடியாது. பத்து நாள் நச்சரித்து அதைத் திருப்பி மாட்டியவன் நான்.

"அப்பம் அந்த மனுசன் சொன்னது நெசமாக்கும்" என்றாள் மனைவி.

அன்றைக்கே அவரிடம் ஓடியிருந்தால் நான் மனுஷன். எட்டு நாள் ஓடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றேன். அவள் சண்டை போடவில்லை. தினமும் ரசத்தையும் துவையலையும் வைத்துவிட்டு, "மீன்காரர் வரல்ல" என்று மட்டும் சொல்வாள். எட்டாம் நாளும் சொன்னாள். மறுநாள் சனிக்கிழமை. சைக்கிளை எடுத்தேன்.

முட்டத்தில் பாறைக்கு இந்தப்பக்கம் கரைமடி வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிறு பிடித்த வரிசையின் கடைசியில் அவர் இருந்தார். கெட்ட தோளால் இழுக்க முடியாததால் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து, குதிகாலை மணலில் ஊன்றி ஊன்றி நகர்ந்தார். மடி கரையேறும்வரை நான் வெயிலில் நின்றேன். சைக்கிள் என்னாயிற்று என்று கேட்டேன். கூரையில் தொங்குகிறது என்றார்.

டயர் விஷயத்தை மூச்சுவிடாமல் சொன்னேன். என் தப்பு, முழுக்க என் தப்பு என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அவர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டார். "இத என்கிட்ட எதுக்குச் சொல்லுதிய சாரே? நான் எந்தப் பக்கம் போனேன்னு எனக்குத் தெரியாதா?"

மறுநாள் காலை ஊரைத் தோப்புப் பாதைக்குக் கூப்பிட்டேன். நாலு குடம் தண்ணீர் ஊற்றி, எல்லோர் கண் முன்னாலும் சைக்கிளை உள்நோக்கி உருட்டினேன். அம்புகள் வெளியே பார்த்தன. தோப்புக்காரர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"அட, இது மாடு இல்லல்லா!" என்றார்.

சிலர் சிரித்தார்கள். ஒருவர், "இது ஒமக்கு அன்னைக்கே தெரியாமப் போச்சே?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லி நான் தப்பித்திருக்கலாம். "உருட்டிப் பாக்கணும்னு அவரு சொன்னாரு. நான்தான் வேண்டாம்னேன்" என்றேன். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. சரி, அவரை வரச் சொல்லும் என்று கலைந்துபோனார்கள். குலையை வெட்டியது யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் வந்தார். ஆறு வாய் இருக்கிறதே, வராமல் என்ன செய்வார்? முதல்நாள் என் வாசலில் என் மனைவிக்கு மீன் போட்டுக்கொண்டிருந்தபோது நான் மெல்லப் பக்கத்தில் போய், "டயரைப் பழையபடி மாத்தி மாட்டட்டுமா?" என்றேன்.

"டயரைத் தொடாண்டாம் சாரே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒரு புதுப்பழக்கம் அவருக்கு. காலையில் தோப்பின் அந்த முனைக்கு வந்ததும் சைக்கிள் மணியை அடிக்கத் தொடங்குவார். பாதை முழுவதும் விடாமல் அடித்துக்கொண்டே வந்து ஊருக்குள் நுழைந்ததும்தான் நிறுத்துவார். எதிரே ஆளோ மாடோ இருக்காது. அவர் உள்ளே வருகிறார் என்பது ஊருக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பிற்பாடு வேறு ஊருக்கு மாற்றலாகும்வரை ஏழு வருஷம், முதல் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது தினமும் அந்த மணியைக் கேட்டேன். அது நிற்கும்வரை எனக்குப் பாடம் ஓடாது.